உன் துறைமுகத் திட்டத்தைப் பார்த்தேன்

அன்பு நண்பா,

கடிதமும் வரைபடங்களும் கிடைத்தன. முதுகுவலி குறைந்து மறுபடி வரைய உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததே பெரிய நிம்மதி. நான் நலம். வகுப்புகளைக் குறைத்துக்கொண்டேன், அதனால் பழைய துறைமுகத்தைக் குடியிருப்புப் பகுதியாக மாற்ற நீ போட்டிக்குப் போட்ட திட்டத்தை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது.

கரையோரம் முழுவதையும் நடைபாதையாக விட்டிருப்பதும், பழைய கிடங்குகளை இடிக்காமல் வைத்திருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் அடுக்ககங்களைச் சாம்பல் நிறத்தில் தீட்டி, 'இடிக்கப்படும்' என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் மனசு ஒப்பவில்லை. 1956இல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர்களோடு ஒரு கப்பல் போனது, மூட்டை மூட்டையாக ஏற்றிய சரக்கைப் பெட்டியோடு தூக்கி வைக்கும் முறை பரவியது, அடுத்த இருபத்தைந்து வருஷத்துக்குள் லண்டன் நகரத்தை ஒட்டியிருந்த கப்பல் துறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, இப்படி எத்தனையோ ஊர்களில் மூட்டை தூக்கியவர்களுக்கு வேலையே இல்லாமல் போனது. வேலை போனவர்களிடமிருந்து வீட்டையும் எடுக்கும் திட்டத்தை நீயும் நானும் போடக் கூடாது.

பிரான்ஸில் போர்தோ நகரத்தின் கிராண்ட் பார்க் குடியிருப்பை மறுபடி எடுத்துப் பார். 1960களில் கட்டிய வாடகை வீடுகள், மூன்று பெரிய கட்டடங்கள், மொத்தம் 530 வீடுகள். லகாத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் துருவோ, உத்தான் என்ற இன்னும் இரண்டு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து அதை 2017வாக்கில் புதுப்பித்து முடித்தார்கள். ஒரு குடும்பத்தையும் வெளியேற்றவில்லை. பழைய சுவருக்கு முன்னால் புதிதாக ஒரு சட்டகம், 3.8 மீட்டர் அகலத்துக்கு மாடி மாடியாக எழும்பும். அது தயாரானதும் பழைய சின்ன ஜன்னலையும் அதன் கீழ்ச் சுவரையும் அறுத்து எடுத்துவிட்டு, தரையிலிருந்து கூரைவரை தள்ளு கண்ணாடிக் கதவு. வெளியே கண்ணாடி போட்ட குளிர்காலக் கூடம், அதற்கும் அப்பால் பால்கனி. வீட்டுக்குள் நடக்கும் வேலை சுமார் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், குடும்பம் அங்கேயே இருக்கும். இருட்டாகக் கிடந்த கூடத்துக்கு வெளிச்சம் வந்தது, வாடகை ஏறவில்லை. உன் அடுக்ககங்களின் தூண்களும் தளங்களும் நன்றாக இருக்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்புறம் எதற்கு இடிப்பு?

உயரக் கட்டடங்கள் இல்லாமல் வீட்டு எண்ணிக்கை வராது என்கிறாய். ஆம்ஸ்டர்டாமில் போர்னியோ-ஸ்போரன்பர்க் இருக்கிறதே. பழைய கப்பல் துறை நிலம், சுமார் 2,500 வீடுகள், ஹெக்டேருக்கு ஏறக்குறைய 100. பெரும்பாலும் மூன்று மாடிதான், தெரு இடுங்கலாக இருக்கும், வெளிச்சம் மனைக்குள் இருக்கும் முற்றத்திலிருந்து வரும். அங்கங்கே சில பெரிய கட்டடங்கள், அவ்வளவுதான். படியேற முடியாத வயதானவர்களுக்கு அந்த மாதிரி வீடு ஒத்துவராது, அதையும் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கு லிஃப்ட் உள்ள உன் பழைய அடுக்ககங்கள்தான் சரி.

இன்னொன்று, உன் வெட்டுப் படத்தில் படுக்கையறைகள் கரையின் மட்டத்திலேயே இருக்கின்றன. இது ஆபத்து. ஹாம்பர்க்கில் 1962 வெள்ளத்தில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே ஹாஃபன்சிட்டி பகுதி வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே இருப்பதால் புதுக் கட்டடங்களைக் கடல் மட்டத்திலிருந்து எட்டு ஒன்பது மீட்டர் உயர மேடையில் ஏற்றினார்கள், மேடைக்குள் கார் நிறுத்தம், கரையோர நடைபாதை மட்டும் தாழ்வாகவே இருக்கும், வெள்ளம் வந்தால் நனையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நிலம் யார் கையில் இருக்கும் என்று உன் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையே! லண்டன் காயின் ஸ்ட்ரீட்டில் அலுவலகக் கட்டடங்கள் வேண்டாம் என்று வருஷக்கணக்கில் போராடிய அந்தப் பகுதி மக்கள் 1984இல் சுமார் 13 ஏக்கரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். நிபந்தனைகளோடு விற்றதால்தான் விலை அவ்வளவு குறைவு. அதனால்தான் தேம்ஸ் கரையில், நகரத்தின் நடுவில், கூட்டுறவு வாடகை வீடுகள் இன்றும் இருக்கின்றன. நிலத்தை அதிக விலை கேட்பவருக்கே கொடுத்துவிட்டால் நீ வரைந்த விளையாட்டுத் திடலும் பொதுச் சலவைக்கூடமும் முதல் வருஷமே காணாமல் போகும்.

சரி, போட்டிக்கு அனுப்புவதற்கு முன் இரண்டு காரியம் செய். அந்த அடுக்ககங்களின் பழைய கட்டுமானப் படங்களை எனக்கு அனுப்பு, தூண் இடைவெளியைப் பார்த்து முன்பக்க நீட்டிப்புக்கு ஒரு கணக்குப் போட்டுத் தருகிறேன். அப்புறம் அங்கே குடியிருப்பவர்களிடம் போய், ஜன்னலைத் திறந்தால் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்