பத்து விநாடி நார்மல்

அன்புள்ள செந்திலுக்கு,

நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மூன்றாவது மாடி ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, கேஸாகத்தான் இருக்கும், ஆபீஸ் செக்கப்பில் ஈசிஜி நார்மல் என்றாய். அம்மா பக்கத்தில் இருந்தாள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் எனக்கு இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தது உனக்குத் தெரியும். அதற்கு முந்தின மூன்று நாள் கதை தெரியாது. கடைத்தெருவிலிருந்து சைக்கிளில் வரும்போது பாலத்து ஏற்றத்தில் நெஞ்சு இறுக்கியது. சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது, சரி கேஸ்தான் என்று நானே முடிவு கட்டினேன். மனசு கேட்காமல் ஒரு சின்ன கிளினிக்கில் ஈசிஜி எடுத்தேன். நார்மல். அந்தத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் வந்த வலியை எல்லாம் ஓமத்தண்ணீரில் கரைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி வேர்த்துக் கொட்டிய பிறகுதான் 108, பெரியாஸ்பத்திரி.

அங்கே ஒரு பெண் ஜெல்லி தடவி நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ் ஒட்டினாள், கை காலில் நாலு கிளிப் மாட்டினாள். முப்பது வருஷம் லைன்மேனாக இருந்தவன் கண் அந்த நேரத்திலும் வயர் கலரைத்தான் பார்த்தது. வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. நம் வேலையில் பச்சைதான் எர்த், அவர்களுக்குக் கறுப்பாம். 11,000 வோல்ட் லைனோடு மல்லுக்கட்டியவனிடம், இதயத்திலிருந்து மெஷினுக்கு வந்து சேருவது ஒரு மில்லிவோல்ட் அளவுதான் என்றாள். அம்மா பயந்ததுபோல மெஷின் உடம்புக்குள் கரண்ட் விடுவதில்லை. இருப்பதைப் படிக்கிறது, அவ்வளவுதான்.

முதல் தாளில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் டாக்டர் என்னை விடவில்லை. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறுமாமே, அந்த டிரோபோனின் பார்க்க ரத்தம் எடுத்தார், அரைமணி கழித்து மறுபடி ஈசிஜி. இந்தத் தடவை கோடு ஓரிடத்தில் இறங்கியிருந்தது. இதயத்துக்கு ரத்தம் பற்றவில்லை என்பதற்கு அது அடையாளமாம்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். காலை பதினோரு மணிக்கு டிரான்ஸ்பார்மரில் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) போட்டால் லோடு அழகாக இருக்கும். ராத்திரி ஊர் முழுக்க ஏசி ஓடும்போதுதான் ஃபியூஸ் போகும். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி அந்தப் பதினோரு மணி ரீடிங். தாளில் இருப்பது சுமார் பத்து விநாடி. இதயக் குழாயில் அடைப்பு இருந்தாலும் ஓய்வில் இருக்கும்போது வருகிற ரத்தம் போதும். கோடு காட்டிக் கொடுக்காது. மாடி ஏறினால்தான் பற்றாமல் போகும். உன் செக்கப்பும் படுத்துக்கொண்டு எடுத்ததுதானே?

சனிக்கிழமை வரை இழுக்காதே. நாளைக்கே ஒரு இதய டாக்டரைப் பார். கேஸ் என்று நீ சொல்லாதே, மாடி ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது என்று மட்டும் சொல். டிரெட்மில் வேண்டுமா, எக்கோ என்கிற இதய ஸ்கேனா, வேறு எதுவுமா என்று அவர் முடிவு செய்யட்டும். டிரெட்மில்லில் பொதுவாக மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் ஏற்றிக்கொண்டே ஈசிஜி பார்ப்பார்கள். பீக் லோடு ரீடிங் என்று வைத்துக்கொள். அதுவரை லிஃப்டில் போ. சும்மா இருக்கும்போதே வலி வந்தால் டெஸ்ட், அப்பாயின்ட்மென்ட் எதுவும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பைக்கை எடுத்துவிடாதே.

பழைய ஈசிஜி தாளையும் கொண்டுபோ, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அந்தத் தாளில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடும். என்னுடையது பாதி வெளுத்துவிட்டது. ஜெராக்ஸ் எடுத்து வை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பு. நார்மல் என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்பா