புரத உறவுக்கு விழுக்காடு மட்டும் சான்றாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரதங்களின் பரிணாம உறவைக் கணினி வழியே கண்டறிவது குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரை, இரு புரதங்களின் அமினோ அமில வரிசைகள் 25 விழுக்காட்டுக்கும் குறைவாக ஒத்திருந்தால் அவை உறவற்றவை என்று முடிவுகட்டியிருந்தது. எளிமை கருதி அவ்வாறு எழுதியிருக்கலாம். ஆனால், இத்துறையின் கடினமான வேலையெல்லாம் அந்த எல்லையை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் நடக்கிறது.

தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மனித மயோகுளோபினில் 153 அமினோ அமிலங்களும், இரத்தத்தில் அதைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலியில் 141 அமினோ அமிலங்களும் உள்ளன. இரண்டையும் அருகருகே பொருத்தினால் ஏறத்தாழ நான்கில் ஓர் இடத்தில்தான் ஒரே அமிலம் அமைகிறது. ஆயினும், அறிவியலாளர்கள் கெண்ட்ரூவும் பெருட்சும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, குளோபின்கள் எனப்படும் இக்குடும்பப் புரதங்களின் வடிவங்களை வெளிக்கொணர்ந்தபோது, அவை ஒரே விதமாக மடிந்திருப்பது தெரியவந்தது. பயறுவகைச் செடிகளின் வேர் முண்டுகளில் இருக்கும் அதே குடும்பத்து லெக்ஹீமோகுளோபினுடன் ஒப்பிட்டால் வரிசை ஒற்றுமை இன்னும் குறையும், மடிப்பு மாறாது. கட்டுரையின் அளவுகோலை ஏற்றால் இக்குடும்பமே சிதறிவிடும்.

ஒரு வரிசையை ஒத்த வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடித்தரும், 1990-இல் வெளிவந்த பிளாஸ்ட் மென்பொருளும் விழுக்காட்டை வைத்துத் தீர்ப்பளிப்பதில்லை. நேருக்கு நேர் அமையும் ஒவ்வோர் அமினோ அமில இணைக்கும் மதிப்பெண் தரும் பிளோசம்62 அட்டவணையை அது வழக்கமாகப் பயன்படுத்துகிறது. அதில், அரிதாகவே மாறும் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் இரு வரிசைகளிலும் ஒரே இடத்தில் அமைந்தால் 11 மதிப்பெண். லியூசின் அவ்வாறு அமைந்தால் 4. லியூசினுக்கு நேராக ஐசோலியூசின் வந்தாலும் 2 உண்டு. விழுக்காட்டுக் கணக்கிலோ முதலிரண்டும் ஒன்றே, மூன்றாவதற்கு மதிப்பே இல்லை. இவ்வாறு கூட்டிய மதிப்பெண்ணோ அதற்கு மேற்பட்டதோ அதே அளவுள்ள தரவுத்தளத்தில் தற்செயலாக எத்தனை முறை கிடைக்கும் என்பதைச் சொல்வதுதான் ஈ-மதிப்பு, அது குறையக் குறைய உறவுக்கான சான்று வலுக்கும். தரவுத்தளம் பெருகப் பெருக அதே மதிப்பெண்ணின் ஈ-மதிப்பும் உயரும் என்பதால், பழைய முடிவுகளை இன்று அப்படியே எடுத்தாள்வதிலும் கவனம் வேண்டும்.

தொலைவான உறவுகளுக்கு இதுவும் போதாது. ஒரு குடும்பத்தின் பல வரிசைகளைத் திரட்டி, எந்த இடம் மாறாதது, எந்த இடம் தளர்வானது என்று கணித்துக்கொண்டு தேடும் சை-பிளாஸ்ட், எச்எம்எம்இஆர் போன்ற மென்பொருள்கள் அங்கே உதவுகின்றன. ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் 2022 முதல் கிடைப்பதால் (அவை கணிப்புகளே, ஆய்வகத்தில் அளந்தவை அல்ல), ஃபோல்டுசீக் போன்ற மென்பொருள்களால் வடிவத்தையே நேரடியாக ஒப்பிடவும் முடிகிறது.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. விலங்குகளின் செரிமான நொதியான கைமோடிரிப்சினும் பேசில்லஸ் பாக்டீரியாவின் நொதியான சப்டிலைசினும் ஹிஸ்டிடின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், செரின் ஆகிய அதே மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டே புரதங்களை வெட்டுகின்றன. ஆனால், அம்மூன்றும் வரிசையில் வரும் முறை வேறு, முழு மடிப்பும் வேறு. எனவே, இவை ஒரு மூதாதையிடமிருந்து வந்தவை அல்ல, தனித்தனியே தோன்றி ஒரே வேதியியலை அடைந்தவை என்றே கொள்ளப்படுகின்றன.

ஆகவே, அந்தக் கட்டுரைக்குத் திருத்தக் குறிப்பு ஒன்றை வெளியிடுமாறும், இனி இத்தகைய செய்திகளில் விழுக்காட்டுடன் ஒப்பிடப்பட்ட பகுதியின் நீளத்தையும் ஈ-மதிப்பையும் சேர்த்து அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்