பத்து நொடி வேலைக்கு 590 ரூபாய்: கார் நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால், உங்கள் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் என் மூன்று புகார்களில் ஒன்றை எழுப்பிக் கேளுங்கள்.

அந்த மஞ்சள் விளக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். லாடம் போன்ற வளைவுக்குள் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரிய வேண்டியது. சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்து வந்த மறுநாளே அது எரிந்தது. பெட்ரோல் பங்க்கில் நான்கு டயர்களையும் பார்த்தேன். நான்கிலும் இருக்க வேண்டிய 33. விளக்கு அணையவில்லை. உங்கள் சேவை மையத்துக்குப் பேசினேன். "காற்றைச் சரிபாருங்கள் சார்" என்றார்கள். பார்த்துவிட்டேன் என்றேன். "அப்படியானால் சென்சார் கோளாறாக இருக்கும், வண்டியைக் கொண்டு வாருங்கள்" என்று ஒன்பது நாள் தள்ளி ஒரு தேதி கொடுத்தார்கள்.

என் வண்டியின் டயருக்குள் காற்றை அளக்கும் சென்சாரே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் ஆளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். காற்று குறைந்த டயர் சற்றுச் சுருங்கும். சுருங்கியது மற்றவற்றைவிட அதிகமாகச் சுற்றும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே சக்கரங்களில் இருக்கும் சென்சார்கள் எண்ணும் சுற்றை வைத்து வண்டி ஊகிக்கிறது, அவ்வளவுதான். இந்த அமைப்பை ரீசெட் செய்வதென்றால், "இன்று நான்கும் சரியாக இருக்கின்றன, இதையே கணக்காக வைத்துக்கொள்" என்று வண்டியிடம் சொல்வது. சர்வீஸில் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றினீர்கள். டயருக்கு டயர் தேய்மானம் வேறு, அதனால் எண்ணும் சுற்றின் கணக்கும் வேறு. மாற்றியதற்கு பில்லும் போட்டீர்கள். வண்டியிடம் சொல்லத்தான் மறந்துவிட்டீர்கள்.

விளக்கு தொடர்ந்து எரிகிறதா, வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மினுங்கிவிட்டுப் பிறகு எரிகிறதா என்று தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மினுங்கினால்தான் அமைப்பிலேயே கோளாறு என்பது பொதுவான வழக்கம். யாரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் என் மனைவி தன் அம்மாவை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினாள். மாமியாருக்கு 71 வயது. கண்புரை அறுவை முடிந்த மூன்றாம் நாள், மருத்துவரிடம் காட்ட வேண்டும். "விளக்கு எரிகிறதே" என்றாள் மனைவி. "அது சும்மா எரிகிறது, சென்சார் கோளாறாம்" என்றேன் நான். உங்கள் சேவை மையத்தின் வாக்கை அப்படியே ஒப்பித்தேன். கீழ்பெண்ணாத்தூரைத் தாண்டிச் செஞ்சிக்குப் போகும் வழியில் பின்பக்க இடது டயரில் ஒரு திருகாணி ஏறியிருக்கிறது. விளக்கு என்ன செய்யும்? ஐந்து நாளாக எரிந்துகொண்டிருக்கும் விளக்கு இன்னொரு முறை எரிய முடியுமா? வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்று உணர்ந்து நிறுத்துவதற்குள் டயரின் பக்கச்சுவர் கிழிந்து, சக்கரம் ரிம்மில் ஓடியிருந்தது.

டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. அதன் இடத்தில் ஒரு குட்டிக் காற்றடிக்கும் மோட்டாரும் பசை பாட்டிலும். தரையில் படும் பகுதியில் விழுந்த சிறு துளையை அந்தப் பசை அடைக்கும். கிழிந்த பக்கச்சுவரை எந்தப் பசையும் அடைக்காது. சாலையோரப் புளியமரத்தடியில் இரண்டரை மணி நேரம். கண்ணில் தூசி படக்கூடாது என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். லாரிகள் ஒவ்வொன்றாகப் போகப் போக, மாமியார் முந்தானையைக் கண்ணுக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். அன்று மாலை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும், நான் கேட்கும்படி, "விளக்குத்தான் எரிந்ததே, மாப்பிள்ளையிடம் சொல்லவில்லையா நீ?" என்று கேட்டார். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலை இந்த மடலில் உங்களிடம் கேட்கிறேன்.

ஸ்டெப்னி என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904இல் பிறந்த பெயர் அது. அங்கே மறந்துபோய் நம் ஊர் பஞ்சர் கடைகளில் வாழ்கிறது. 2020இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 3.5 டன் வரையிலான வண்டிகளில் இந்த எச்சரிக்கை அமைப்பும் பழுதுநீக்கும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று விதியைத் தளர்த்தியது. சரி. ஆனால் சக்கரத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக ஒரு விளக்கைக் கொடுத்தவர்கள், அந்த விளக்கோடு பேசும் முறையையும் கொடுத்திருக்க வேண்டாமா?

கொடுத்திருக்கிறோம், கையேட்டில் இருக்கிறது என்பீர்கள். 400 பக்க ஆங்கிலக் கையேடு. அதில் டயருக்குள் சென்சார் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை அமைப்புக்கும் சேர்த்து விளக்கம். ஒவ்வொரு பத்தியிலும் 'உங்கள் வண்டியில் இருந்தால்' என்ற தொங்கல். என் வண்டியில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்னொரு கையேடு வேண்டும். பொங்கல் வாழ்த்தைத் தமிழில் அனுப்புகிறீர்கள். ஆடித் தள்ளுபடியைத் தமிழில் அனுப்புகிறீர்கள். சர்வீஸ் முடிந்த வாரத்தில் "பத்துக்குப் பத்து மதிப்பெண் போடுங்கள் சார்" என்று மூன்று முறை அழைத்து, தேன்தமிழில் கேட்டீர்கள். நானும் ஒருமுறை போட்டேன். வெட்கமாக இருக்கிறது.

புது டயர் போட்ட பில்லில் 'ரீசெட்' என்று தனி வரி, வரியோடு சேர்த்து 590 ரூபாய். பெரிய கணினி வேலை என்றுதான் நம்பினேன். ஒரு மாதம் கழித்து, காற்றடித்த பிறகு மறுபடி அந்த விளக்கு எரிந்தது. அன்று வண்டி ஓட்ட வந்திருந்த ஆக்டிங் டிரைவர், இருபத்தைந்து வயதுப் பையன், வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானால் திரையில் எதையோ தேடி, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தான். விளக்கு அணைந்தது. பத்து நொடி. "கொஞ்ச தூரம் ஓடினால் வண்டியே பழகிக்கொள்ளும் சார்" என்றான். 590 கதையைச் சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

ஆகவே என் கோரிக்கை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் காற்றழுத்த ஸ்டிக்கருக்குக் கீழே, ரீசெட் செய்யும் முறையைத் தமிழில் நான்கு வரியில் ஒட்டுங்கள். காற்றை முதலில் சரிசெய்த பிறகே ரீசெட் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறைந்த காற்றோடு அழுத்தினால் அந்தக் குறையையே சரியென்று வண்டி நம்பிவிடும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு காற்றைப் பார்க்க வேண்டும் என்பதும் வேண்டும். வெயிலில் ஓடிவந்த சூட்டில் 33 காட்டும் டயர் மறுநாள் காலையில் 30கூடக் காட்டாது என்பது பங்க்கில் காற்றடிக்கும் தம்பிக்குத் தெரியும். எங்களில் பலருக்குத் தெரியாது.

டயரைத் தொட்ட ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் உங்கள் ஆட்களே ரீசெட் செய்து, வேலைச்சீட்டில் குறித்துக் கொடுக்கட்டும். காசு வாங்காமல். ஸ்டிக்கர் மட்டும் மறக்க வேண்டாம். நான்கு வரி, தமிழில், கதவோரத்தில்.

கோபத்தில் ஏதேனும் மிகையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிலை எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் அழைத்தால் மதிப்பெண் கேட்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்,
திருவண்ணாமலை