“நீங்களே பூட்டலாம்” என்று விற்ற றோலர் பிளைண்ட்ஸ் தொடர்பான புகார்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் காலி வீதிக் காட்சியறையில் மூன்று றோலர் பிளைண்ட்ஸ் (சங்கிலியை இழுத்து ஏற்றி இறக்கும் யன்னல் சுருள்திரைகள்) ஓடர் கொடுத்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி வாங்கியவள் நான். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிப் பலன் இல்லாததால் இப்போது எழுத்தில் தருகிறேன். பற்றுச்சீட்டின் பிரதி, அளவு எழுதிக் கொடுத்த படிவத்தின் பிரதி, படங்கள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

அவசரமானதை முதலில் சொல்கிறேன். சங்கிலியை இறுக்கிச் சுவரோடு பிடித்து வைக்கும் பிளாஸ்ரிக் பிடி மூன்று பெட்டிகளில் ஒன்றிலும் இல்லை. விளக்கத்தாளில் அந்தப் பிடிக்குப் படம் இருக்கிறது, பூட்ட வேண்டிய இடமும் காட்டப்பட்டிருக்கிறது. பிளைண்டின் அடிச் சட்டத்திலும் சங்கிலியில் கழுத்து மாட்டிய குழந்தையின் படத்தோடு எச்சரிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். எச்சரிக்கை வந்துவிட்டது, சாமானைத்தான் காணவில்லை.

இது ஒரு சின்னச் சாமான்தானே என்று உங்கள் ஆட்கள் நினைப்பது போலத் தெரிகிறது. றோலர் பிளைண்டின் சங்கிலி ஒரு முழு வளையம். கீழே பிடித்துக் கட்டாவிட்டால் அது தளர்ந்து ஒரு சுருக்குப் போலத் தொங்கும். எங்கள் படுக்கையறையில் யன்னலோடு ஒட்டித்தான் கட்டில் கிடக்கிறது, வேறு பக்கம் போட இடமில்லை. என் மகளுக்கு மூன்று வயது. கடற்கரைப் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் போதும், கட்டிலில் ஏறி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்கும்போது சங்கிலியின் அடி வளைவு சரியாக அவளுடைய நாடிக்கு நேரே வருகிறது. படம் எடுத்து உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்கு அனுப்பினேன். “சின்னப் பிள்ளை இருந்தா சங்கிலியைத் தூக்கி மேல கொழுவி விடுங்கோ அக்கா” என்று பதில் வந்தது. எதிலே கொழுவுவது? அதற்கான பிடிதானே வரவில்லை.

உங்கள் விளக்கத்தாளில் ஈ.என். 13120 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பிளைண்ட்ஸுக்கான ஐரோப்பியத் தரம் அது. பிள்ளைகளின் கழுத்து மாட்டக்கூடாது என்பதற்காகவே 2014 இல் அதைக் கடுமையாக்கினார்கள். அந்த இலக்கத்தைப் போட்டு விற்பவர்கள் பிடியைப் பெட்டிக்குள் போடாமல் விடலாமா? இப்போதைக்குச் சங்கிலியைச் சுருட்டி உயரத்தில் நூலால் கட்டி வைத்திருக்கிறேன். அதனால் பிளைண்டை ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது, பாதியில் நிற்கிறது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த வீட்டில் பின்னேர வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காகத்தானே வாங்கினோம்.

அடுத்தது பூட்டும் சாமான்கள். “லேசான வேலை அக்கா, ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தா அரை மணித்தியாலத்தில முடிச்சிடலாம்” என்று காட்சியறையில் சொன்னார்கள். எனக்கு ட்ரில் பிடிக்கத் தெரியும், வீட்டிலுள்ள தட்டுகள் எல்லாம் நானே பூட்டியவை. ஆனால் நீங்கள் தந்தவை ஜிப்சம் பலகைச் சுவருக்கான, அகலப் புரி வைத்த பிளாஸ்ரிக் பிளக்குகளும் கட்டைத் திருகாணிகளும். கொழும்பில் எத்தனை வீட்டு யன்னலுக்கு மேலே ஜிப்சம் இருக்கிறது? இங்கே மேலே இருப்பது லிண்டல், அதாவது யன்னலுக்கு மேலே போடும் கொங்கிறீட் விட்டம். சாந்தைத் தாண்டியதும் சாதாரண ட்ரில் ஒரு அங்குலம்கூட இறங்காமல் கீச்சிட்டுக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றும், வெள்ளைத் தூள்தான் முகத்தில் கொட்டும். ஹாமர் ட்ரில்லும் 6 மில்லிமீற்றர் மேசன் பிட்டும் அதே அளவு பிளக்கும் வேண்டும். அவற்றை ஹாட்வெயார் கடையில் என் காசில் வாங்கித்தான் பிளைண்டைத் தாங்கும் பிறக்கெட்டுகளைப் பூட்டினேன். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஸ்டெயின்லஸ் திருகாணிகளாகப் பார்த்து வாங்கினேன். உங்களுடைய திருகாணிகளைப் போட்டிருந்தால் இந்த வருடமே கறை வடிந்திருக்கும்.

பிறகு அகலம். உங்கள் படிவம் சொன்னபடி யன்னல் குழியை மேலே, நடுவே, கீழே என்று அளந்து ஆகக் குறைந்த அளவைக் கொடுத்தேன்: 1216 மில்லிமீற்றர். பக்கத்துப் பாகங்களின் இடத்துக்காகக் கழிக்க வேண்டியதை நீங்களே கழித்துக்கொள்வீர்கள் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. பெரிய அறைக்கு வந்த பிளைண்டில் துணியின் அகலம் 1132 மட்டுமே. இரண்டு பக்கமும் 42 மில்லிமீற்றர் வெளிச்சம். கேட்டால் “அது நோர்மல்” என்கிறார்கள். ஒரு பக்கம் சங்கிலி ஓடும் பற்சக்கரமும் மறுபக்கம் பிளைண்டைத் தாங்கும் முளையும் இடம் எடுக்கும், துணி குழியை முட்ட வராது என்பது எனக்கும் தெரியும். மற்ற இரண்டு பிளைண்ட்ஸிலும் அந்த இடைவெளி பக்கத்துக்கு 22 தான். அது நோர்மல் என்றால் சரி. ஒரே தொழிற்சாலை, ஒரே மொடல், ஒரே ஓடர். இதில் மட்டும் கழிவை இரண்டு தரம் கழித்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

துணியின் தரத்தில் எனக்குக் குறை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நிறமும் காட்சியறையில் பார்த்த மாதிரியேதான் இருக்கிறது.

மூன்று பிளைண்ட்ஸுக்குமான சங்கிலிப் பிடிகளை இந்த வாரத்துக்குள் ஆள் மூலம் அனுப்புங்கள். இதற்குக் கூரியர், ஓடர் இலக்கம் என்று இழுக்க வேண்டாம். இதே தயாரிப்புத் தொகுதியில் வாங்கிய மற்ற வீடுகளுக்கும் அழைத்துப் பிடி வந்ததா என்று கேளுங்கள். எங்களுக்கு வராதது அவர்களுக்கும் வராமல் இருக்கலாம், அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்கள். பெரிய அறைப் பிளைண்டைச் சரியான அகலத்தில் செய்து தாருங்கள், அல்லது அதன் பணத்தை மீளத் தாருங்கள். பிளக், பிட், திருகாணிக்கு நான் கொடுத்த காசின் பற்றுச்சீட்டும் இணைப்பில் இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் அங்கே முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்பதால் அதற்கு மேல் காத்திருக்க முடியாது. தயவுசெய்து பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்