மல்லிகாவுக்கு, நீ கேட்ட கார்டு பத்தி

அன்புள்ள மல்லிகா,

உன் லெட்டர் வந்துச்சுடி, பெரியவனுக்கு தை மாசம் நிச்சயம்னு படிச்சதும் இவர்கிட்ட சத்தமா வாசிச்சு காட்டினேன், பொண்ணு ஆரணின்னா பட்டுக்கு பஞ்சமே இல்லன்னு சிரிக்கிறாரு. இங்க எல்லாரும் சௌக்கியம். சத்துவாச்சாரில புரட்டாசி வந்தும் வெயில் மண்டைய பொளக்குது, அத விடு.

கையால பண்ணற இழுக்கற வாழ்த்து கார்டுல ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கமும் தானா வெளிய வருதே எப்படின்னு கேட்டிருந்த. உள்ள மந்திரம் ஒண்ணும் இல்ல, சட்டை டப்பா மேல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வரும்ல, அதுல ஒரு பட்டி வெட்டிக்கோ. கார்டோட வெளி உறைக்கு நடுவுல ஒரு அட்டை நிக்கும், அதோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மட்டும் உறையோட ஒட்டியிருக்கும், அத சுத்தி அந்த பிளாஸ்டிக்க வளையமா ஒட்டிடணும், ரொம்ப இறுக்காத, அட்டைய சுத்தி வழுக்கிக்கினு ஓடணும். இப்போ வளையத்தோட மேல்பக்கம் வலது கார்டையும், அடிப்பக்கம் இடது கார்டையும் ஒட்டு. வலத இழுத்தா வளையம் சுத்தும், மேல இருக்கறது வலப்பக்கம் போகும், அடில இருக்கறது இடப்பக்கம் போகும், அவ்ளோதான். கிணத்து ராட்டினத்துல ஒரு கயிறு இறங்கினா இன்னொண்ணு ஏறுதே, அதே கணக்கு.

இப்போ என் பேரன் ஒரு வேலை வெச்சிருக்கான். பொங்கலுக்கு மாடு ஓடுற கார்டு வேணுமாம். நம்ம பக்கத்து மாடு விடுற விழாதான், மதுரைக்காரங்க மாதிரி திமில புடிச்சு தொங்கறது இல்ல, ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டின தெருவுல எந்த மாடு கம்மி செகண்டுல ஓடிச்சோ அதுக்கு பிரைஸ். நேரா ஒரு கோடு வெட்டி மாட்ட தள்ளினா அது ஓடல, ரயில் மாதிரி போகுது. அதனால முன் அட்டைல நெளிநெளியா ஒரு சந்து வெட்டினேன், பின்னாடி இழுக்கற பட்டில குத்துக்கோடா சின்னதா இன்னொரு சந்து. மாட்டோட முதுகுல நூல் கோத்து ரெண்டு சந்து வழியாவும் விட்டு பின்னாடி சட்டை பட்டன்ல முடிச்சு போட்டாச்சு. பட்டி நேரா போனாலும் நூல் மேல கீழ ஏறி இறங்குது, மாடு துள்ளுது, ஒரே முடிச்சுல தொங்கறதால தலையையும் ஆட்டுது, அது நான் நெனைக்காத போனஸ்.

இதுக்கெல்லாம் ஒரு மகராசன் இருந்தாருடி, லோதர் மெக்கென்டார்ஃபர்னு, ஜெர்மனில முனிச் ஊர்க்காரர், 1847ல பொறந்தவர். மெல்லிசு செம்புக்கம்பிய சுருட்டி மூட்டு மூட்டா வெச்சு, ஒரே பட்டிய இழுத்தா கை, கால், தலை எல்லாம் ஒண்ணா ஆடுற மாதிரி படம் பண்ணுவாரு. அவருக்கு சரி. நம்மள கேட்டா ஒரு கார்டுக்கு ஒரு ஆட்டம் போதும், மூட்டு கூடக்கூட உரசல் கூடும், குழந்தைங்க கைல சிக்கினா முறுக்கி எறிஞ்சிடும். கிளிட்டர் கொட்டறவங்கள கண்டாலே எனக்கு ஆகாது, அந்த தூள் சந்துக்குள்ள போய் அடைச்சுக்கும், அப்புறம் கார்டு எதுக்கு, சும்மா போட்டோ அனுப்பிடலாமே.

நீ பண்ணறதா இருந்தா அட்டை கனமா, 250, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தன கிராம்னு கணக்கு) இருக்கட்டும், பழைய கல்யாணப் பத்திரிகையே போதும், லாங் பஜார்ல சார்ட் வாங்கினா அது கொழகொழன்னு மடியுது. மடிக்கற எடத்துல தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால ஒரு கோடு அழுத்தி இழுத்துட்டு மடி, வெடிக்காது. பட்டிக்கு அட்டையோட நார் ஓடற வாக்குலயே நீளமா வெட்டு, இல்லன்னா சுருண்டுக்கும். ஓடற பாதைல ரெண்டு மில்லிமீட்டர் லூசா விடு. ஃபெவிகால் கம்மியா தடவு, ஈரத்துல அட்டை வளைஞ்சா அப்புறம் எதுவும் நகராது.

நிச்சயத்துக்கு அந்த ரெண்டு பக்கம் வர்ற கார்டே சரியா இருக்கும்னு தோணுது, வலது பக்கம் இழுத்தா பொண்ணு பேரு, இடது பக்கம் நம்ம பையன் பேரு. ஊருக்கெல்லாம் என்னால முடியாதும்மா, சம்பந்தி வீட்டுக்கு மட்டும் பண்ணித் தரேன், மத்தவங்களுக்கு பிரஸ்ல அடிச்சுக்கோ. ரெண்டு பேரையும் இனிஷியலோட தெளிவா எழுதி அனுப்பு, சாயங்காலம் ஆனா எனக்கு கட்டர் கோடு தெரியறதில்ல, அதனால கார்த்திகைக்குள்ள அனுப்பிடு.

உன்
சரசு