களியைப் படமெடுக்கச் சொன்னவர்களுக்கு

தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம், ஏரியூர், பாலக்கோடு சுற்றுவட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம்.

குடியரசு நாள் கிராம சபையன்று கோயில் திடலில் கயிறு கட்டி, ரேஷனையும் பசியையும் பற்றி நாம் தொங்கவிட்ட படங்களையும் எழுத்துகளையும் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை. கேமரா என் கையில் இருந்ததால் பேரும் எனக்கே வருகிறது. அது முறையில்லை. யார் யார் செய்த வேலை என்று எழுதிவைக்கவே இந்த மடல்.

முதல் நன்றி ஏரியூர்ப் பக்கத்துப் பாட்டிக்கு. கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே நிபந்தனை போட்டார்: “காலிப் பானைய எடுக்கக் கூடாது கண்ணு. நாளைக்கு எம் பேத்திய யாரு கட்டுவா? இரு, களி கிண்டறேன், அத எடு.” கவைக்குச்சியைக் காலால் மிதித்துப் பானையை அசையாமல் நிறுத்தி, துடுப்பால் அவர் கிண்டிய படத்தின் முன்னால்தான் திடலில் அதிகக் கூட்டம். பசியைக் காட்டினால்தான் நியாயம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தின் கீழே அவர் சொல்லி எழுதவைத்ததைப் படிக்க வேண்டும்: “காலமெல்லாம் களை புடுங்கின கை இது. ரேஷன் மிஷினுக்கு என் ரேகை தெரியல. எனக்குப் பசி தெரியுது.”

ரேகை விழாதவர்கள் வேறொருவரை அனுப்பிப் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. வயதானவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. இந்த இரண்டையும் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியது மகளிர் குழுப் பெண்கள். அன்றே திடலில் உட்கார்ந்து படிவமும் நிரப்பினார்கள். படம் ஆளை நிறுத்தியது. நின்ற ஆளிடம் பேசி, கையெழுத்து வாங்கி, மனுவாக்கியது அவர்கள். இதில் எது பெரிய வேலை என்று என்னைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன்.

வாங்காத சர்க்கரையையும் பருப்பையும் வாங்கியதாகக் கைப்பேசியில் வந்த குறுஞ்செய்திகளைத் தேதிவாரியாக நோட்டில் எழுதிவைத்ததும் அவர்கள்தான். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி என்பதையும், கடைப் பதிவேடுகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதையும் சபையில் மைக் பிடித்து வாசித்த தங்கைக்குக் குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. (எந்தக் கடை என்று இங்கே எழுத மாட்டேன். மனுவில் இருக்கிறது.)

2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்களே, அதை ஒட்டித் தன் காட்டைப் படமெடுக்கச் சொன்ன மானாவாரி விவசாயிக்கும் நன்றி. 2023-24க்கு கேழ்வரகுக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய் என்று அவர் படத்தின் கீழே எழுதியிருந்தோம். வியாபாரி சொன்ன விலைக்கே மூட்டையைப் போட்ட பலர் அதைப் பார்த்துவிட்டுக் கொள்முதல் நிலையம் எங்கே என்று விசாரித்தார்கள்.

அரூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா எங்களை உட்காரவைத்து 1943 வங்கப் பஞ்சத்தைச் சொன்னார். பி. சி. ஜோஷி எழுத, சுனில் ஜானா படமெடுக்க, அந்தச் செய்திகள் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகை வழியே நாடெங்கும் போய்ச் சேர்ந்த கதை. எழுத்தும் படமும் சேர்ந்து நடந்தால்தான் சனம் திரும்பிப் பார்க்கும் என்பார் ஐயா. அவரோடு எனக்கு ஒரு சண்டை மட்டும் மிச்சம்: அந்தப் படங்களில் இருந்தவர்களிடம் எடுக்கலாமா என்று யாராவது கேட்டார்களா? இன்னும் பதில் சொல்லவில்லை, அடுத்த தடவை விடமாட்டேன்.

காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் அக்காமார், வேலை நெருக்கடியிலும் பேசினார்கள். படங்களைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றபோது, “சட்டம் போட்டா சனம் தள்ளி நிக்கும், கயித்துல தொங்கவுடு, தொட்டுப் பாக்கட்டும்” என்று திருத்தியதும் அவர்களில் ஒருவரே. படச்சுருளை மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த பேருந்து நடத்துநர், கடனுக்கு டீ கொடுத்த அண்ணன், பாதி விலைக்கு அச்சிட்டுத் தந்த பென்னாகரத்து ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி, எல்லோருக்கும் நன்றி.

படத்தில் இருப்பவர்கள் அவரவர் பிரதியை அந்தத் தம்பியின் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்தாயிற்று, யாரும் தர வேண்டாம். தன் படம் இனி எங்கும் மாட்டப்படக் கூடாது என்று நினைப்பவர்கள் மகளிர் குழு அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்துவிடுவோம்.