கிரீன்ஸ்டெட் மாறாமல் நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், இங்கிலாந்தின் கிரீன்ஸ்டெட் கிராமத்து மரச்சுவர்த் தேவாலயம் 'கி.பி. 845-இல் கட்டப்பட்டு இன்றுவரை மாறாமல் நிற்கிறது' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கிராமம் இருக்கும் எசெக்ஸ் மாவட்டத்தில் இருபது ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்பவன் நான். அந்த வரி மனதைவிட்டுப் போக மறுக்கிறது.

845 என்பது பழைய கணக்கு. 1990-களில், ஆண்டுக்கு ஒன்றாக வளரும் மர வளையங்களை மறுபடி ஆராய்ந்தபோது, எஞ்சியிருந்த கடைசி வளையம் 1053 என்று தெரிந்தது. மரத்தைச் செதுக்கினால் வெளி வளையங்கள் போய்விடும். அதற்காக 10 முதல் 55 ஆண்டு கூட்டுகிறார்கள். ஆக, மரம் வெட்டியது 1063-க்கும் 1108-க்கும் இடையில். இது தங்களுக்குத் தெரியாததா?

'மாறாமல்' என்ற சொல் இன்னும் வலிக்கிறது. சுவர் மரங்களின் அடிப்பகுதி மக்கிப்போனதால், 1848-இல் அதை அறுத்தெடுத்துச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் நிறுத்தினார்கள். பலிபீடப் பகுதி 1500-ஐ ஒட்டிய செங்கல் வேலை. அதன் அடியில் அதற்கும் முந்தைய நார்மன் காலத்துச் (11-12-ஆம் நூற்றாண்டு) சிக்கிமுக்கிக் கல். கூரைச் சாளரங்களும் பிற்காலத்தவை. ஒவ்வொரு தலைமுறையும் கைவைத்துக் காப்பாற்றியதால்தான் அந்த ஓக் சுவர் மிஞ்சியிருக்கிறது.

பிளந்த மரத்தின் உருண்ட பக்கம் வெளியே, தட்டைப் பக்கம் உள்ளே. உள்ளே வெளிச்சம் சாய்வாக விழும்போது வாய்ச்சி கொத்திய தடங்கள் வரிவரியாகத் தெரியும். ஒன்றில் விரல் வைத்தேன். என் அப்பா ஊரில் நிலைக்கட்டை செதுக்கும்போது விழுகிற அதே ஆழமற்ற குழி. உங்கள் கட்டுரையில் அந்தக் கைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இது முதல்முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் இதே தேவாலயத்தின் படத்துக்கு 'தொழுநோயாளிகள் எட்டிப்பார்த்த துளை' என்று குறிப்பு எழுதினீர்கள். அது புனித நீர் வைக்கும் மாடம் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. அன்றே கடிதம் போட்டேன், பதிலே இல்லை. தேர்ச் சிறப்பிதழ் போட்டீர்கள். வடம் பிடித்தவர்கள் படம் எட்டுப் பக்கம், தேர் செய்த தச்சருக்கு ஒரு பத்திகூட இல்லை. முப்பது ஆண்டு வாசகன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன், நாங்கள் அவ்வளவு கண்ணில் படாதவர்களா?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 845-ஐ நீக்கி, 1848 பழுதுபார்ப்பையும் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், எசெக்ஸ்